வீடு தேடிச் செல்லும் சுகாதாரத் தன்னார்வலருக்கு: அளப்பதும் கேட்பதும்

கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் வீட்டிலேயே பரிசோதிப்பதும், தொடர்ந்து மருந்து எடுப்பவர்களுக்கு மாத்திரைகளைக் கொண்டு சேர்ப்பதும் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்களின் முக்கியப் பணி. புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் கருவியைக் கண்டுதான் தயங்குகிறார்கள். கருவி சில நாளில் கைக்கு வந்துவிடும். நோயாளியிடம் கேட்கும் முறை படிவதற்குத்தான் காலம் பிடிக்கும்.

வீட்டுக்குள் நுழைந்தவுடன் இரத்த அழுத்தக் கருவியின் பட்டையைக் கையில் சுற்றாதீர்கள். வயலிலிருந்தோ நூறு நாள் வேலையிலிருந்தோ வந்தவரை ஐந்து நிமிடமாவது அமைதியாக உட்கார வைத்து, அதற்குள் பதிவேட்டைப் பிரித்துச் சென்ற மாத அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். அரை மணி நேரத்துக்குள் காப்பி குடித்திருந்தாலும், புகையிலை போட்டிருந்தாலும், சிறுநீரை அடக்கிக்கொண்டிருந்தாலும் அளவு கூடுதலாகக் காட்டும். முதுகு சாய்ந்திருக்க வேண்டும். பாதங்கள் தரையில் படிய வேண்டும். கை இதயத்தின் மட்டத்தில் ஏதாவது ஒன்றின் மேல் தாங்கியிருக்க வேண்டும். நாற்காலி இல்லாத வீட்டில் திண்ணைச் சுவரில் சாய்ந்து காலைத் தொங்கவிட்டு உட்காரச் சொல்லி, பாதத்துக்கு அடியில் ஒரு மணையும் கைக்கு அடியில் மடித்த போர்வையும் வைத்தால் போதும். இறுக்கமான ரவிக்கைக் கையைச் சுருட்டி மேலேற்றினால் அதுவே கையை நெரித்து அளவைக் கெடுக்கும் என்பதால், பெண்களை உள்ளறைக்கு அழைத்துச் சென்று கையை விடுவித்துக்கொள்ளச் சொல்லுங்கள். பட்டையின் கீழ் விளிம்பு முழங்கை மடிப்புக்கு இரண்டு விரற்கடை மேலே இருக்கட்டும். அளக்கும்போது அவரும் பேசக் கூடாது, நீங்களும் பேசக் கூடாது. மருமகளைப் பற்றிய குறையைப் பட்டையைக் கழற்றிய பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

ஒரு நிமிடம் விட்டு மறுபடியும் அளந்து, இரண்டையும் எழுதுங்கள். 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் துணை சுகாதார நிலையத்துக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அனுப்ப வேண்டும். ஒரே நாள் அளவை வைத்து "உங்களுக்கு பிரஷர் இருக்கிறது" என்று நாம் அறிவிக்கக் கூடாது. நெஞ்சு வலி, வாய் கோணுதல், பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கை கால் செயலிழத்தல் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் மறு அளவுக்குக் காத்திராமல் 108-ஐ அழையுங்கள்.

சர்க்கரைப் பரிசோதனைக்கு முன் விரலைச் சோப்புப் போட்டுக் கழுவி ஈரம் போகத் துடைக்கச் சொல்லுங்கள், ஏனெனில் மாம்பழம் நறுக்கிய விரலில் கருவி காட்டுவது பழத்தின் சர்க்கரையையும் சேர்த்துத்தான். ஊசியை விரல் நுனியின் பக்கவாட்டில் குத்துங்கள். ஒருவருக்குக் குத்தியதை மற்றவருக்குத் தொடவே கூடாது. அளவு 70-க்குக் கீழே இருந்து நினைவும் தெளிவாக இருந்தால், மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, பதினைந்து நிமிடம் கழித்து மீண்டும் பாருங்கள்.

இனி மாத்திரை. "ஒழுங்காகப் போடுகிறீர்களா?" என்றால் பெரும்பாலோர் "போடுகிறேன்" என்றே சொல்வார்கள். "மாத்திரை அட்டையைக் கொஞ்சம் எடுத்து வாங்களேன், பெரியம்மா" என்று கேட்டு, மீதமுள்ளதை எண்ணிப் பாருங்கள். பத்து நாளில் நான்குதான் குறைந்திருந்தால் கடிந்துகொள்ள வேண்டாம். ஒருமுறை கடிந்துகொண்டால் அடுத்த மாதம் அட்டை ஒளிந்துகொள்ளும். காரணத்தை மெதுவாகக் கேளுங்கள். தலைசுற்றல் நின்றதும் நோய் போய்விட்டது என்று நினைத்திருக்கலாம். சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் மாத்திரை வயிற்றைக் கலக்கியிருக்கலாம். காலையில் சாப்பிட ஒன்றுமில்லாததால் சர்க்கரை மாத்திரையைத் தவிர்த்திருக்கலாம். முதலாவதற்கு உங்கள் விளக்கமே போதும். மற்ற இரண்டும் செவிலியர் வழியாக மருத்துவருக்குப் போக வேண்டியவை. அளவைக் குறைக்கவோ நேரத்தை மாற்றவோ நமக்கு அதிகாரமில்லை. சர்க்கரை நோயாளியின் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் பார்க்காமல் எழுந்துவிடாதீர்கள், ஏனெனில் உணர்ச்சி மரத்த காலில் முள் குத்தியது அவருக்கே தெரிந்திருக்காது.

"அடுத்த வீட்டு அக்காவுக்கு எவ்வளவு இருக்கிறது?" என்ற கேள்வி எப்படியும் வரும். "உங்களுடையதை அவர் கேட்டாலும் சொல்ல மாட்டேன்" என்று சிரித்தபடி சொல்லிவிட்டு, அடுத்த வருகைத் தேதியை நோயாளியின் குறிப்பு அட்டையிலும் உங்கள் பதிவேட்டிலும் குறித்துக்கொள்ளுங்கள்.