கார் ரேஸைக் காட்டத் தெரியாமல் காட்டுவது: ஒளிபரப்பாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிரிக்கெட்டில் எங்கே பார்ப்பது என்று கேமராவுக்குக் குழப்பமே கிடையாது. பந்து இருக்கும் இடத்தில் ஆட்டம். கார் பந்தயத்தில் அப்படி ஒரு பந்து இல்லை. ஐந்து கிலோமீட்டர் தடத்தில் இருபதுக்கும் மேற்பட்ட கார்கள் சிதறி ஓடுகின்றன. எட்டாவது இடத்துக்கு ஒரு சண்டை, பதினான்காவது இடத்துக்கு இன்னொன்று, அதே நேரத்தில் பிட் லேனில் ஒருவர் டயர் மாற்றிக்கொண்டிருப்பார். இத்தனையிலிருந்தும் ஒரு படத்தைப் பொறுக்கி நம் வீட்டுக்கு அனுப்ப வேண்டும். கஷ்டமான வேலைதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மாலையில் நாம் டிவியைப் பார்த்துத் திட்டுவது அந்தக் கஷ்டம் புரியாமல் அல்ல. அதே தவறுகளை வருடக்கணக்கில் செய்துகொண்டே இருக்கிறார்களே என்றுதான்.

திட்டுவதற்கு முன் யாரைத் திட்டுவது என்று தெரிந்துகொள்வது நல்லது. பலர் வர்ணனையாளரைப் பிடித்துக்கொள்கிறார்கள். பாவம், அவர் கையில் படம் இல்லை. ஃபார்முலா ஒன்னில் உலகம் முழுவதும் போகும் படம் ஒன்றுதான், அதைத் தயாரிப்பதும் ஃபார்முலா ஒன் நிறுவனமேதான். தடத்தின் கேமராக்களும் ஒலியும் இங்கிலாந்தில் கென்ட் பக்கம் பிகின் ஹில் என்ற ஊரில் உள்ள மையத்துக்குப் போய், அங்கே தொகுக்கப்பட்டு வெளியே வருகின்றன. 2020 முதல் இதுதான் ஏற்பாடு. அந்தப் படத்தின் மேல் ஒவ்வொரு நாட்டுச் சேனலும் தன் வர்ணனையையும், தேவைப்பட்டால் விளம்பரத்தையும் ஏற்றிக்கொள்கிறது. ஆக, தப்பான காரைக் காட்டினால் அது டைரக்டர் குற்றம். நல்ல நேரத்தில் விளம்பரம் வந்தால் அது சேனல் குற்றம்.

ரீப்ளேக்கு என்ன அவசரம்?

இந்தத் தவறுக்கு உதாரணம் கேட்டால் ரேஸ் பார்க்கிறவர்கள் யோசிக்காமல் சொல்வது 2021 மொனாக்கோ. மொனாக்கோ தெருக்கள் எவ்வளவு குறுகல் என்றால், அங்கே ஓவர்டேக் நடப்பதே அபூர்வம். அப்படிப்பட்ட ஊரில் செபாஸ்டியன் வெட்டல் டயர் மாற்றிவிட்டு பிட்டிலிருந்து வெளியே வருகிறார். பக்கத்தில் பியர் காஸ்லி. இரண்டு கார்களும் சக்கரத்தோடு சக்கரம் உரசுகிற மாதிரி மேட்டில் ஏறுகின்றன. சரியாக அந்த நேரத்தில் படம் மாறியது. நீச்சல்குளப் பகுதியில் லான்ஸ் ஸ்ட்ரோல் தடத்தின் ஓரக் கட்டையில் ஏறி இறங்கிய ரீப்ளே! அது முடிந்து திரும்பி வந்தபோது மேட்டில் எல்லாம் முடிந்திருந்தது. வெட்டல் முன்னால், காஸ்லி பின்னால். கடைசியில் அதே வரிசையில்தான் ஐந்தாவது, ஆறாவது இடங்களில் முடித்தார்கள். அன்று முழுவதும் நடந்த உருப்படியான சண்டை அது ஒன்றுதான்.

அப்போது மொனாக்கோவில் மட்டும் படம் உள்ளூர்க் குழுவின் கையில் இருந்தது. பழைய ஒப்பந்தப்படி அவர்களுக்கு இருந்த தனிச் சலுகை அது. 2023 முதல் மொனாக்கோவும் பொதுவான தயாரிப்புக்குள் வந்துவிட்டது.

ஸ்ட்ரோல் ரீப்ளே முக்கியமா, முக்கியமில்லையா என்பதில் இல்லை தவறு. அது ஏற்கனவே முடிந்துபோன விஷயம். இரண்டு நிமிடம் கழித்துக் காட்டினாலும் அதன் மதிப்பு குறையாது. மேட்டில் ஏறிய இரண்டு கார்களுக்கும் முடிவு இன்னும் தெரியவில்லை. முடிவு தெரியாத ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்போது தெரிந்த ஒன்றுக்குப் போனால், நேரலை எதற்கு? அந்தச் சண்டையையும் பிறகு ரீப்ளேயில் காட்டினார்கள் என்று யாராவது சமாதானம் சொல்லலாம். முடிவு தெரிந்த சண்டையைப் பார்ப்பது ஆறிப்போன தோசையைச் சாப்பிடுகிற மாதிரிதான்.

காதலிகளும் நட்சத்திரங்களும்

அக்டோபர் 2025, சிங்கப்பூர். தகுதிச்சுற்றில் தகுதிநீக்கம் செய்யப்பட்டு வரிசையின் கடைசிப் பக்கத்திலிருந்து கிளம்பிய கார்லோஸ் சைன்ஸ் ஒவ்வொரு காராகத் தாண்டி பத்தாவது இடத்துக்கு வந்து ஒரு புள்ளி எடுத்தார். முன்னால் லூயிஸ் ஹாமில்டனின் காரில் பிரேக் போய்விட்டது. கையில் இருந்த பெரிய இடைவெளி கரைந்துகொண்டே வர, பின்னால் ஃபெர்னாண்டோ அலோன்சோ துரத்துகிறார். மயிரிழையில் ஹாமில்டன் கோட்டைத் தாண்டினார். ஆனால் பிரேக் இல்லாமல் தட எல்லையைப் பல முறை மீறியதற்கு 5 நொடி அபராதம் விழ, ஏழாவது இடம் அலோன்சோவுக்குப் போனது. எழுதும்போதே விறுவிறுப்பாக இருக்கிறதல்லவா? டிவியில் இதில் பெரும்பகுதி வரவில்லை.

ரேஸ் முடிந்தபின் சைன்ஸே வெளிப்படையாகக் குறைப்பட்டுக்கொண்டார். தான் கடைசியில் செய்த ஓவர்டேக்குகளையும், அலோன்சோவின் துரத்தலையும் விட்டுவிட்டார்கள், ஓட்டுநர்களின் காதலிகளையும் பிரபலங்களையும் காட்டுவது கொஞ்சம் அதிகமாகிவிட்டது, தடத்தில் ஒன்றும் நடக்காதபோது காட்டட்டும் என்று. ரசிகர்கள் சோஃபாவில் உட்கார்ந்து சொல்வதை ஓட்டுநர் ஒருவர் சொன்னது அப்போதுதான் பலருக்கு ஆறுதல்.

முகமே காட்டக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். 2008 பிரேசிலை நினைத்துப் பாருங்கள். வருடத்தின் கடைசி ரேஸ், சாம்பியன் பட்டம் யாருக்கு என்று முடிவாகும் நாள். ஃபெலிப்பே மாசா சொந்த ஊரில் முதலாவதாக வந்துவிட்டார். ஃபெராரி கராஜில் அவர் குடும்பம் துள்ளிக் குதிக்கிறது, சாம்பியன் ஆகிவிட்டான் பையன் என்று. தடத்தில் கடைசிச் சுற்றின் கடைசி வளைவுகளில் ஹாமில்டன், ஈரத்தில் தடுமாறிய டீமோ கிளாக்கைத் தாண்டி ஐந்தாவது இடத்துக்கு வந்து, ஒரே ஒரு புள்ளியில் பட்டத்தைப் பறித்துக்கொண்டார். செய்தி கராஜுக்குள் வந்து சேர, அந்த முகங்கள் மாறியதை அன்று பார்த்தவர் யாரும் மறந்திருக்க முடியாது. அங்கே அந்த முகங்கள்தான் ரேஸ். சிங்கப்பூரில் கைதட்டிக்கொண்டிருந்த பிரபலத்துக்கும் ரேஸுக்கும் என்ன சம்பந்தம்?

பத்தாவது இடம் வரை புள்ளி உண்டு. டிவியோ முதல் மூன்று பேரைத் தவிர மற்றவர்கள் தடத்தில் இருப்பதையே மறந்துவிடுகிறது. முதலிடத்தில் இருப்பவர் இருபது நொடி முன்னால் தனியாக ஓடுவதைக் காட்டிக்கொண்டிருந்தால், காலியான சாலையில் கார் போகிறது, அவ்வளவுதான்.

விளம்பரம்

கிரிக்கெட்டில் ஓவருக்கும் ஓவருக்கும் நடுவில் இடம் இருக்கிறது. ரேஸில் அப்படி ஒரு மூச்சுவிடும் இடம் கிடையாது. கிரிக்கெட் பழக்கத்தில் சில சேனல்கள் ரேஸையும் அதே கத்தரிக்கோலால் வெட்டப் பார்த்ததுதான் பிரச்சினை.

2005 சான் மரினோ ரேஸ் இதற்குப் பெயர் போனது. இமோலாவில் அலோன்சோ முன்னால், மைக்கேல் ஷூமாக்கர் அவர் வாலைப் பிடித்தபடி பின்னால். சுற்றுக்குச் சுற்று இப்படியே. முடிவில் வித்தியாசம் 0.215 நொடி. பிரிட்டனில் ரேஸைக் காட்டிக்கொண்டிருந்த ஐடிவி, அந்தக் கடைசிக் கட்டத்தில் விளம்பரத்துக்குப் போனது. புகார்கள் குவிந்தன, சேனல் மன்னிப்புக் கேட்டது, ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காமும் ரசிகர்கள் பக்கமே நின்றது.

நம்மூரிலும் இந்த அனுபவம் உண்டு. பல வருடங்களுக்கு முன் நான் பார்த்துக்கொண்டிருந்த ஒரு சேனலில், ஆபத்து நேரத்தில் எல்லோரையும் மெதுவாக ஓட்டவைக்கும் சேஃப்டி கார் உள்ளே போகிறது, ரேஸ் மறுபடி தொடங்கப் போகிறது, நான் சோஃபாவின் நுனிக்கு வந்துவிட்டேன். பனியன் விளம்பரம். அது முடிந்து பார்த்தால் முதலில் இருந்தவர் மூன்றாவதில். எப்படி நடந்தது என்று வர்ணனையாளர்களும் சொல்லவில்லை, அவர்களுக்குத்தான் அது பழைய செய்தி ஆயிற்றே.

விளம்பரம் இல்லாமல் சேனல் எப்படிப் பிழைக்கும் என்ற கேள்வி நியாயமானது. அமெரிக்காவில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: திரையை இரண்டாகப் பிரித்து, ஒரு பெட்டியில் விளம்பரம், இன்னொன்றில் ரேஸ். அழகாக இருக்காது, ஆனால் ஒன்றும் தப்பிப் போகாது. இல்லையென்றால் சந்தா வாங்கிக்கொண்டு ரேஸின் நடுவே கை வைக்காமல் இருக்கலாம். சந்தாவும் வாங்கிக்கொண்டு நடுவில் விளம்பரமும் போடுவதை மட்டும் என்னால் மன்னிக்க முடியாது.

விபத்து நடந்தால்

இங்கே தவறுக்கு விலை அதிகம், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும்.

நீண்டநாள் ரசிகர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். பெரிய விபத்து நடந்து, டிவியில் ரீப்ளே வரவில்லை என்றால் வயிற்றில் புளியைக் கரைக்கும். 2014-ல் ஜப்பானின் சுஸுகாவில் ஜூல் பியாங்கியின் உயிரைப் பிறகு பறித்த விபத்தைக் காட்டவில்லை. 2019-ல் பெல்ஜியத்தின் ஸ்பாவில், ஃபார்முலா ஒன்னுக்கு அடுத்த படியான ஃபார்முலா டூ ரேஸில் அந்துவான் ஊபேர் இறந்தபோதும் ரீப்ளே போடவில்லை. ஓட்டுநர் நலமாக இருக்கிறார் என்று தெரியும் வரை காட்டுவதில்லை என்ற வழக்கம் நல்ல வழக்கம். குடும்பமும் அதே டிவியைத்தானே பார்த்துக்கொண்டிருக்கும்.

தவறு அதற்கு அடுத்த படியில் வருகிறது. 2020 பஹ்ரைனில் ரோமன் குரோஜான் தடுப்பில் மோதி, கார் இரண்டாக முறிந்து தீப்பிடித்தது. 28 நொடி நெருப்புக்குள் இருந்துவிட்டு அவர் தானே வெளியே வந்தார். உயிரோடு இருக்கிறார் என்று தெரிந்த பிறகு ரீப்ளே போட்டார்கள். அதுவரை சரி. ஆனால் நிறுத்தவே இல்லை. இந்தக் கோணம், அந்தக் கோணம், மெதுவாக, இன்னும் மெதுவாக. இன்னும் சிறிது நேரத்தில் அதே தடத்தில் மறுபடி ஓட்ட வேண்டிய மற்ற ஓட்டுநர்கள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். டேனியல் ரிக்கார்டோ அன்றே கோபமாகப் பேசினார், குரோஜான் குடும்பத்துக்குச் செய்யும் அவமரியாதை என்று. என்ன நடந்தது என்று புரிய இரண்டு முறை போதும். பத்தாவது முறையில் யாருக்கும் எதுவும் புதிதாகப் புரியப் போவதில்லை.

ரேடியோ, கிராஃபிக்ஸ், வர்ணனை

டீம் ரேடியோ நம் காதுக்கு வருவது நடக்கும்போதே அல்ல. யாரோ கேட்டு, பொறுக்கி, சற்றுத் தாமதமாகத்தான் விடுகிறார்கள். அதை இப்போது பேசுவது போல ஒலிக்கவிட்டால் அர்த்தமே மாறிவிடும். மூன்று சுற்றுக்கு முன் ‘டயர் போய்விட்டது’ என்று அலுத்துக்கொண்டவர் இப்போது வேகமான சுற்று ஓட்டிக்கொண்டிருப்பார், நாம் அவரை நடிகர் என்று முடிவு கட்டிவிடுவோம். பேசிய சுற்று எண்ணைத் திரையில் போட்டாலே இது தீர்ந்துவிடும்.

டயர் என்றதும் ஞாபகம் வருகிறது. டயர் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று சதவீதத்தில் காட்டும் ஒரு கிராஃபிக்ஸ் சில வருடங்களுக்கு முன் வந்தது. அந்த டயரைச் செய்யும் பிரெல்லி நிறுவனமே, இது ரசிகர்களைத் தவறாக வழிநடத்துகிறது என்று சொல்லிவிட்டது. திரையில் எண் வந்தாலே நாம் நம்பிவிடுவோம், அதுதான் ஆபத்து.

பல பிரிவுகள் ஒன்றாக ஓடும் நீண்ட பந்தயங்களில் கிராஃபிக்ஸ் வேறு விதமாகக் காலை வாரும். 2025 ஜனவரியில் நடந்த துபாய் 24 மணி நேரப் பந்தயத்தை அஜித்குமாரின் அணிக்காகப் பார்க்க உட்கார்ந்த தமிழ் ரசிகர்களுக்கு இது தெரிந்திருக்கும். அணி, போர்ஷே கார்களுக்கான 992 என்ற பிரிவில் மூன்றாவது இடம் பிடித்தது. மொத்தப் பட்டியலில் அதைவிட வெகு கீழே. எந்தப் பிரிவின் வரிசையைத் திரை காட்டுகிறது என்று புதிதாக வந்தவருக்குப் புரியவைக்காவிட்டால், அவர் அரை மணி நேரத்தில் படுக்கப் போய்விடுவார்.

வர்ணனையில் தன் நாட்டு ஓட்டுநர் மேல் பாசம் இருப்பது இயல்பு. வேண்டியவருக்கு ஒரு நியாயம், வேண்டாதவருக்கு ஒன்று என்று போனால்தான் சிக்கல். 2022 மெக்சிகோ ரேஸில் மேக்ஸ் வெர்ஸ்டாப்பனும் ரெட் புல் அணியும் பிரிட்டனின் ஸ்கை சேனலுக்குப் பேட்டியே கொடுக்காமல் புறக்கணித்தது, இப்படி ஒரு வருத்தத்தில்தான். எல்லாவற்றுக்கும் கத்துகிற வர்ணனையும் வேண்டாம். டயர் மாற்றுவதற்கும் சாம்பியன் ஆவதற்கும் ஒரே சத்தம் என்றால் மியூட் பட்டன் எதற்கு இருக்கிறது?

காலையில் பார்க்கலாம் என்று நினைப்பவர்கள்

அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரவாசிகளுக்கு ஒரு வினோத சோகம் உண்டு. டிக்கெட் விற்றுத் தீர்ந்தால் ஒழிய, தங்கள் ஊரில் நடக்கும் 500 மைல் பந்தயத்தை அவர்கள் டிவியில் நேரலையாகப் பார்க்க முடியாது. உலகமே பார்த்து முடித்த பிறகு சாயங்காலம்தான் உள்ளூர் டிவியில் வரும். 2016-ல் நூறாவது பந்தயத்துக்கு டிக்கெட் தீர்ந்ததால் அந்த முறை தப்பித்தார்கள்.

நம் சோகம் நேர வித்தியாசம். ஐரோப்பிய ரேஸ்கள் மாலை ஆறரைக்கு வசதியாக வந்துவிடுகின்றன. ஆஸ்டின், மெக்சிகோ என்றால் இந்தியாவில் நள்ளிரவு தாண்டிவிடும். திங்கட்கிழமை வேலைக்குப் போகிறவர் தூங்கிவிட்டுக் காலையில் பார்க்கலாம் என்று நினைப்பார். ஆப்பைத் திறந்தால் முழு ரேஸ் வீடியோவின் முகப்புப் படத்திலேயே வென்றவர் ஷாம்பெயின் பீய்ச்சிக்கொண்டிருப்பார். அதற்கும் முன்பே மொபைலில் அறிவிப்பு வந்திருக்கும். முகப்பில் தடத்தின் படத்தைப் போட்டால் என்ன குறைந்துவிடும்?

இப்போது நான் மொபைலைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு மகளிடம் ரிமோட்டைக் கொடுத்துவிடுகிறேன். அவள் ஆப்பைத் திறந்து வீடியோவை ஓடவிட்டு, “அப்பா, கண்ணைத் திறக்கலாம்” என்பாள். போன முறை கூடவே ஒரு வார்த்தையும் சேர்த்துச் சொன்னாள்: “அந்த ஆரஞ்சு காரா ஜெயிச்சது?”