குடும்பத்தைக் கூப்பிடும்போது: வேலை பார்த்துவிட்டு வந்த நாட்டின் போலீஸ் சான்றிதழ்

கனடாவிலோ ஆஸ்திரேலியாவிலோ போய் இறங்கி, வேலை பிடித்து, வாடகை வீடு பார்த்த கையோடு எல்லாரும் நினைக்கும் அடுத்த காரியம் குடும்பத்தைக் கூப்பிடுவது. ஸ்பான்சர் படிவம், கல்யாணச் சான்றிதழ், மெடிக்கல் எல்லாம் எப்படியோ நடந்துவிடும். இழுத்தடிப்பது, ஒருவர் மேல் குற்றப் பதிவு உண்டா இல்லையா என்று ஒரு நாடு எழுதிக் கொடுக்கும் போலீஸ் சான்றிதழ்தான். இந்தியச் சான்றிதழ் அவ்வளவு சிரமமில்லை. ஊரில் இருக்கும் கணவரோ மனைவியோ எப்போதோ வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்த வேறொரு நாட்டிடம் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறதே, அதில்தான் மாதக்கணக்கில் போய்விடுகிறது.

வடசென்னையில் தண்டையார்பேட்டை, ராயபுரம், வியாசர்பாடி, திருவொற்றியூர் பக்கம் இது பல வீடுகளில் இருக்கும் பிரச்சினை. சவுதி, குவைத், மலேசியா போய் வந்தவர்கள் இல்லாத தெரு குறைவு. துறைமுகம் பக்கத்திலேயே இருப்பதால் கப்பலுக்குப் போனவர்களும் உண்டு. இங்கே இருந்துகொண்டு அக்கம்பக்கத்துக்காரர்களின் விண்ணப்பங்களுக்கு உதவி வருகிறேன். வெளிநாட்டில் இருந்து ஸ்பான்சர் செய்யும் உங்களுக்கு நான் அழுத்திச் சொல்வது இதுதான்: எந்த நாட்டுச் சான்றிதழ் கிடைப்பது கஷ்டமோ, அதில் முதலில் கை வையுங்கள். கிடைக்கிறதோ இல்லையோ, கேட்டதற்கெல்லாம் அத்தாட்சி சேர்த்து வையுங்கள்.

யாருக்கு வேண்டும், எந்த நாட்டுக்கு வேண்டும்

கனடாவுக்கு என்றால், 18 வயது நிரம்பிய ஒவ்வொருவரும் கடந்த 10 ஆண்டில் தொடர்ந்தாற்போல் 6 மாதமோ அதற்கு மேலோ இருந்த ஒவ்வொரு நாட்டில் இருந்தும் சான்றிதழ் கொடுக்க வேண்டும். 18 வயதுக்கு முன் இருந்த காலத்துக்குத் தேவையில்லை. “பெரியவன் காலேஜ் படிக்கிறான், அவன் இப்ப வரலை” என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். 22 வயதுக்குட்பட்ட, கல்யாணமாகாத பிள்ளை கூட வராவிட்டாலும் விண்ணப்பத்தில் இருக்க வேண்டியவன். அவனுக்கு 18 ஆகியிருந்தால் அவனுடைய சான்றிதழும் வேண்டும்.

ஆஸ்திரேலியா 16 வயதில் இருந்து கணக்கெடுக்கும். கடந்த 10 ஆண்டில் ஒரு நாட்டில் மொத்தம் 12 மாதம் இருந்திருந்தால் போதும், விட்டு விட்டு இருந்த நாட்களையும் கூட்டிக்கொள்வார்கள். லீவுக்கு வந்து வந்து போன கல்ஃப்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அமெரிக்காவுக்கு இந்த 10 ஆண்டு வரம்பு கிடையாது. 16 வயதுக்குப் பிறகு எப்போது 12 மாதம் இருந்திருந்தாலும் அந்த நாடு கணக்கில் வரும். வியாசர்பாடியிலும் எண்ணூரிலும் பர்மாவில் இருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் இருக்கின்றன. ரங்கூனில் வளர்ந்து, 1960-களில் கப்பலேறி வந்த அம்மாவையோ அப்பாவையோ மகன் அமெரிக்காவுக்குக் கூப்பிடுகிறான் என்றால், அந்தக் கேள்வியும் எழும். எந்த நாட்டில் எந்தச் சான்றிதழ் கிடைக்கும், எது கிடைக்காது என்று அமெரிக்க வெளியுறவுத் துறை நாடுவாரியாகப் பட்டியல் போட்டிருக்கிறது. அதைப் பார்க்காமல் பெரியவர்களை அலைய விடாதீர்கள்.

பழைய பாஸ்போர்ட்டைத் தேடுங்கள்

எங்கள் தெருவில் ஒரு தம்பி, சவுதியின் தமாமில் ஏசி மெக்கானிக்காக இருந்துவிட்டு வந்தவர். கனடாவில் நர்ஸாக இருக்கும் பெண்ணோடு கல்யாணமானது. ஸ்பான்சர் வேலையை ஆரம்பித்தபோது, “சவுதி போன பாஸ்போர்ட் எக்ஸ்பயர் ஆயிடுச்சுண்ணே, எங்க போச்சுன்னே தெரியலை” என்றார். உள்ளே இருந்து அவர் அம்மா, “இருப்பா, நான் எதையும் தூக்கிப் போட மாட்டேன்” என்று பீரோவில் இருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து வந்தார். ரேஷன் கார்டு, எல்ஐசி பாண்டு, மகனின் டிசி, அவற்றுக்கு நடுவே மூலை வெட்டப்பட்ட அந்த பாஸ்போர்ட். விசா ஒட்டிய பக்கத்தில் நாலாக மடித்த ஒரு ஜெராக்ஸ் இருந்தது. மடிப்பில் மை உதிர்ந்து போயிருந்தாலும் இக்காமா என்னும் சவுதி குடியிருப்பு அட்டையின் எண் தெரிந்தது: 2-ல் ஆரம்பிக்கும் 10 இலக்கம். அந்த எண்ணும், வேலையை முடித்துக்கொண்டு நாட்டை விட்டுக் கிளம்பும்போது அடிக்கும் ஃபைனல் எக்ஸிட் முத்திரையின் தேதியும் கையில் இருந்ததால்தான் விண்ணப்பமே எழுத முடிந்தது.

இக்காமா, குவைத் சிவில் ஐடி, கத்தார் ஐடி, எமிரேட்ஸ் ஐடி எதுவாக இருந்தாலும் அதன் எண் இல்லாமல் அந்நாட்டுப் போலீஸ் ஒருவரைத் தேடிக் கண்டுபிடிப்பது கடினம். அட்டையைக் கம்பெனி திரும்ப வாங்கியிருக்கும். அதனால் பழைய சம்பளச் சீட்டு, இன்ஷூரன்ஸ் அட்டை, ஊருக்குப் பணம் அனுப்பிய ரசீது என்று எல்லாவற்றிலும் தேடச் சொல்லுங்கள். அவருடன் ஒரே அறையில் தங்கியிருந்த ஊர்க்காரரின் போனில் ஒரு போட்டோ கிடைத்தாலும் கிடைக்கும்.

கப்பலுக்குப் போனவர்களுக்கு, கப்பல் வேலையைப் பதிவு செய்யும் சிடிசி புத்தகம்தான் ஆதாரம். ஏறிய தேதியும் இறங்கிய தேதியும் அதில் முத்திரையோடு இருக்கும். கப்பலில் இருந்த மாதங்களை வெற்றிடமாக விடாமல், கப்பல் பெயர் போட்டு வரிசையாக எழுத வேண்டும். 10 ஆண்டு வரலாற்றில் ஒரு மாதம் விட்டுப்போனாலும் கனடாவில் இருந்து கேள்வி வரும்.

வளைகுடா நாடுகள்

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். ரியாத்திலோ குவைத்திலோ இருந்தபோது இந்தியத் தூதரகத்தில் பிசிசி (இந்தியாவின் போலீஸ் சான்றிதழ்) வாங்கியதைக் காட்டி, “சவுதி சான்றிதழ் ஏற்கனவே இருக்கு” என்கிறவர்கள் பலர். அது அங்கே வைத்துக் கொடுக்கப்பட்ட இந்தியச் சான்றிதழ். சவுதி சான்றிதழ் என்றால் சவுதி அரசு கொடுக்க வேண்டும்.

அங்கேயே வேலையில் இருக்கும்போது வாங்குவது சுலபம். பெரும்பாலும் ஆன்லைனில் முடிந்துவிடும். ஊருக்கு வந்த பிறகு என்றால் வேறு வழி: கைரேகை எடுக்க வேண்டும், அதை இங்கே அட்டஸ்ட் செய்ய (அரசு அலுவலகத்தில் சான்றொப்பம் வாங்க) வேண்டும், அந்த நாட்டுத் தூதரகத்தின் முத்திரை வாங்க வேண்டும், பல நேரம் அங்கே இருக்கும் ஒருவருக்கு அதிகாரக் கடிதம் கொடுத்து அவர் நேரில் போய்க் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு நாட்டுக்கும் இதில் சின்னச் சின்ன வித்தியாசம் உண்டு, அடிக்கடி மாறவும் செய்யும். ஆகவே விண்ணப்பிக்கும் வாரத்தில் அந்தத் தூதரகத்தின் இணையதளத்தையும், நீங்கள் போகும் நாட்டின் குடியேற்றத் துறை அந்த நாட்டைப் பற்றி எழுதியிருக்கும் பக்கத்தையும் சேர்த்துப் படியுங்கள். இரண்டாவதைப் பலர் படிப்பதில்லை. எந்தத் துறை கொடுத்த சான்றிதழை ஏற்பார்கள் என்பது அதில்தான் இருக்கிறது.

அட்டஸ்டேஷன் என்று மண்ணடி, பாரிமுனை பக்கம் ஏஜென்ட்டிடம் போவதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு நாட்டு ஆவணத்தை ஒரே முத்திரையில் இன்னொரு நாடு ஏற்கும் அப்போஸ்டில் ஒப்பந்தம் சவுதிக்கு 2022 டிசம்பரில் அமலுக்கு வந்துவிட்டது. ஓமனும் பஹ்ரைனும் அதற்கு முன்பே சேர்ந்தவை. அப்போஸ்டில் போதுமா, தூதரக முத்திரையும் வேண்டுமா என்று முதலில் கேட்டுக்கொண்டால் ஒரு கட்டச் செலவு மிச்சமாகலாம். “மொத்தமா இவ்வளவு” என்று சொல்லும் ஏஜென்ட்டிடம், ஒவ்வொரு முத்திரைக்கும் அரசுக் கட்டணம் எவ்வளவு, உங்கள் கூலி எவ்வளவு என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். ஒரிஜினல் பாஸ்போர்ட்டை ரசீது இல்லாமல் கொடுக்கவே கூடாது. சான்றிதழையே “ஏற்பாடு” செய்து தருகிறேன் என்பவரிடம் பேச்சே வேண்டாம். போலிச் சான்றிதழ் பிடிபட்டால், கனடாவுக்குள் 5 ஆண்டு வர முடியாத தடை வரும். தண்டனை அனுபவிப்பது உங்கள் மனைவியும் பிள்ளைகளும்தான்.

இன்னும் கல்ஃபில் இருக்கும் கணவரோ தம்பியோ வேலையை விட்டுவிட்டு ஊர் திரும்பப் போகிறார் என்றால், எக்ஸிட் அடிப்பதற்கு முன் ஒரு சான்றிதழ் வாங்கி வரச் சொல்லுங்கள். விட்டு வந்த நாட்டின் சான்றிதழ், கடைசியாக அங்கே இருந்ததற்குப் பிந்தைய தேதியில் இருக்க வேண்டும் என்று கனடா கேட்பதால், அது மட்டுமே போதாமல் போகலாம். ஆனாலும் வாங்கி வரட்டும். பிறகு புதியது கிடைக்காமல் போனால், விளக்கக் கடிதத்தோடு வைக்கக் கையில் ஒன்று இருக்கும்.

மலேசியா, சிங்கப்பூர், ஹாங்காங்

மலேசியாவில் போலீஸ் சான்றிதழின் இடத்தில் இருக்கும் நன்னடத்தைச் சான்றிதழைக் கொடுப்பது அந்நாட்டு வெளியுறவு அமைச்சகம். ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம். மலேசிய விசாவும் முத்திரையும் உள்ள எல்லாப் பக்கங்களையும் ஸ்கேன் செய்து வைக்கச் சொல்லுங்கள்.

சிங்கப்பூர் போலீஸ், எந்த அரசு அலுவலகத்துக்காகக் கேட்கிறீர்கள் என்பதற்குக் கடிதம் எதிர்பார்க்கும். ஹாங்காங் போலீஸ் சான்றிதழை உங்கள் கையில் கொடுக்காமல், கேட்ட அரசுக்கே நேராக அனுப்பிவிடும். இப்படி, குடியேற்றத் துறையின் கடிதம் வந்த பிறகுதான் கேட்க முடியும் என்ற நாடு உங்கள் பட்டியலில் இருந்தால், அதற்காக விண்ணப்பத்தை நிறுத்தி வைக்க வேண்டியதில்லை. கனடாவின் ஆன்லைன் விண்ணப்பத்தில் போலீஸ் சான்றிதழ் ஏற்ற வேண்டிய இடத்தில், “இந்த நாட்டுக்கு உங்கள் அதிகாரப்பூர்வக் கடிதம் தேவை” என்று எழுதிய ஒரு தாளை ஏற்றினால், கடிதம் அனுப்புவார்கள்.

கிடைக்கவே இல்லை என்றால்

எவ்வளவு முயன்றும் கிடைக்காத சான்றிதழ்கள் உண்டு. கம்பெனி மூடிப்போயிருக்கும், கஃபீல் (அங்கே விசா கொடுத்த முதலாளி) போனை எடுக்க மாட்டார், தூதரகத்தில் பதிலே வராது. இதற்காக மனம் உடைய வேண்டாம். உண்மையாக முயன்றதைக் காட்டினால், விளக்கக் கடிதத்தைப் படித்துப் பார்த்து அதிகாரி முடிவெடுக்க இடமிருக்கிறது. “கிடைக்கவில்லை” என்று ஒரு வரி எழுதி அனுப்புவதுதான் தப்பு.

தூதரகத்துக்கு அனுப்பிய மெயில், ஸ்பீட் போஸ்ட் ரசீது, அது போய்ச் சேர்ந்ததைக் காட்டும் டிராக்கிங் பக்கம், திருப்பி அனுப்பப்பட்ட கவர், கவுன்டரில் வாங்க மறுத்தால் அன்றைய தேதியும் அங்கே சொன்ன காரணமும் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் தேதி வாரியாக அடுக்கச் சொல்லுங்கள். போனில் கேட்டதை அன்றே மெயிலாகவும் அனுப்பிவிட்டால் அதுவும் ஆதாரம். கடிதத்தில் அழுது எழுத வேண்டியதில்லை. எந்தத் தேதியில் யாரிடம் கேட்டோம், என்ன பதில் வந்தது என்று வரிசையாக இருந்தால் போதும்.

இந்திய பிசிசி கடைசியில்

இப்போது இருக்கும் நாட்டின் சான்றிதழ், விண்ணப்பம் போடும் நாளுக்கு முந்தைய 6 மாதத்துக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும் என்பது கனடாவின் விதி. எனவே ஊரில் இருப்பவர் சவுதிக்கோ மலேசியாவுக்கோ எழுதிப் போட்டு, அது கைக்கு வரும் நேரம் பார்த்து இந்திய பிசிசிக்குப் போகட்டும். முதலிலேயே வாங்கிவிட்டு மற்றதற்குக் காத்திருந்தால், இது காலாவதியாகி இன்னொரு தடவை வாங்க வேண்டிவரும்.

இதற்கு பாஸ்போர்ட் சேவா இணையதளத்தில் பதிவு செய்து 500 ரூபாய் கட்டி நாள் வாங்க வேண்டும். சென்னையில் அமைந்தகரை, சாலிகிராமம், தாம்பரம் மையங்கள் இருக்கின்றன. வடசென்னைக்கு அமைந்தகரை பக்கம். தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் வேலைக்கும் வாடகைக்கும் கொடுக்கும் சரிபார்ப்புச் சான்று வேறு, குடியேற்றத்துக்கு அது உதவாது.

இந்தப் பக்கம் சிக்கல் வருவது முகவரியில். ஹவுசிங் போர்டு குடியிருப்பை இடித்துக் கட்டுகிறார்கள் என்று வேறு இடத்தில் வாடகைக்குப் போனவர்களின் பாஸ்போர்ட்டில் பழைய பிளாக் எண்ணே இருக்கும். விசாரணைக்கு வரும் காவலர் அங்கே போய்ப் பார்த்தால் கட்டடமே இருக்காது. இப்போது இருக்கும் முகவரிக்கு ஆதாரம் தயார் செய்துகொண்டு, அதையே விண்ணப்பத்தில் எழுத வேண்டும். எண்ணூர், மணலி பக்கத்துக்காரர்கள் 2022-ல் இருந்து ஆவடி ஆணையரகத்தில் வருகிறார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இன்னொன்றை வெட்கப்படாமல் பேச வேண்டும். தெருச் சண்டையில் ஸ்டேஷனுக்குப் போய் அபராதம் கட்டியது, பெட்டி கேஸ், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 110-வது பிரிவில் நன்னடத்தைப் பத்திரம் எழுதிக் கொடுத்தது என்று நம் பக்கத்துப் பையன்களில் சிலருக்கு ஏதாவது இருக்கும். அதனாலேயே விசா கிடைக்காது என்று பயந்து மறைக்கிறார்கள். மறைத்தது தெரிந்தால்தான் பெரிய சேதம். ஜார்ஜ் டவுனோ திருவொற்றியூரோ, எந்தக் கோர்ட்டில் முடிந்ததோ அங்கே தீர்ப்பின் சான்றிட்ட நகலுக்கு வக்கீல் மூலம் மனு போடுங்கள். கிடைத்ததும் மொழிபெயர்த்து, படிவத்தில் கேட்கும் இடத்தில் நடந்ததை அப்படியே எழுதுங்கள். வழக்கு நிலுவையில் இருந்தால், நீங்கள் இருக்கும் நாட்டின் உரிமம் பெற்ற குடியேற்ற ஆலோசகரிடமோ வக்கீலிடமோ காட்டாமல் விண்ணப்பம் போட வேண்டாம்.

கடைசியில் பெயர். அப்பா பெயர் இனிஷியலாக ஓரிடத்தில், முழுதாக ஓரிடத்தில், இக்காமாவில் அரபு வழியாகத் திரும்பி வந்த வேறு எழுத்தில் என்று ஒரே ஆளுக்கு மூன்று பெயர் இருக்கும். படிவத்தில் “வேறு பெயர்கள்” என்று கேட்கும் இடத்தில் அத்தனையையும் எழுதுங்கள். இவை எல்லாம் ஒரே நபர்தான் என்று நோட்டரி முன் ஒரு அஃபிடவிட்டும் போட்டு வையுங்கள். அரபுச் சான்றிதழை மொழிபெயர்ப்பவர் குடும்பத்து ஆளாக இருக்கக்கூடாது. இங்கே மொழிபெயர்த்தால் அவருடைய அஃபிடவிட்டும் சேர்த்து வாங்குங்கள். மூலச் சான்றிதழின் பின்பக்கத்தில் முத்திரை இருந்தால் அதையும் கலரில் ஸ்கேன் செய்து, மொழிபெயர்ப்போடு ஒரே பைலாக ஏற்றுங்கள்.