வடசென்னையிலிருந்து வெளிநாட்டில் குடியேறுவோருக்கு: சுங்கத்துறை பற்றி அறிந்திருக்க வேண்டியவை

ராயபுரம், தண்டையார்பேட்டை, மண்ணடி, திருவொற்றியூர் ஆகிய பகுதிகளிலிருந்து படிப்புக்காகவோ வேலைக்காகவோ வெளிநாடு செல்லும் குடும்பங்கள், விசாவைப் பற்றியும் வீட்டு வாடகையைப் பற்றியும் பலரிடம் விசாரிக்கின்றன; சுங்கத்தைப் பற்றி மட்டும் விமானம் தரையிறங்கிய பிறகுதான் யோசிக்கின்றன. துறைமுகத்தின் மதிலை ஒட்டி வளர்ந்தவர்களிடம் இது சற்று வியப்பான விஷயம். ராஜாஜி சாலையில் சுங்க இல்லத்தைக் கடந்து பள்ளிக்கூடம் போனவர்களும், எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகளின் வரிசையில் மாட்டிக்கொண்டு பொறுமை இழந்தவர்களும், அந்த வரிசை எதற்காக நிற்கிறது என்று பெரும்பாலும் கேட்டதில்லை. நம் பகுதியில் சுங்கம் என்றால் ‘தெரிந்த ஆள் இருந்தால் எடுத்துவிடலாம்’ என்ற எண்ணம் வெளிநாட்டுப் பொருள்கள் விற்ற பர்மா பஜார் காலத்திலிருந்தே ஊறிப்போயிருக்கிறது. அந்த எண்ணத்தைப் பெட்டியில் வைத்துக் கட்டாமல் ஊரிலேயே விட்டுவிட்டுப் போவது நல்லது. வெளிநாட்டில் உங்களுக்காகப் பேசப் போவது ஆள் அல்ல. நீங்கள் எழுதிக் கொடுக்கும் அறிவிப்பும், கையில் வைத்திருக்கும் ரசீதுகளும் மட்டுமே.

சுங்கத்துறை எந்த நாட்டிலும் ஒரு பொருளைப் பற்றி மூன்று கேள்விகளைக் கேட்கிறது: அது என்ன பொருள், அதன் மதிப்பு என்ன, அது எந்த நாட்டில் உருவானது. முதல் கேள்விக்கு விடையாக உலகம் முழுவதும் ஒரே வகைப்பாட்டு எண்முறை 1988 முதல் நடைமுறையில் இருக்கிறது. பிரஸ்ஸல்ஸில் உள்ள உலகச் சுங்க அமைப்பு பராமரிக்கும் அந்த எண்ணின் முதல் 6 இலக்கங்கள் எல்லா உறுப்பு நாடுகளுக்கும் பொதுவானவை, அதற்குப் பின்வரும் இலக்கங்களை அந்தந்த நாடு சேர்த்துக்கொள்கிறது. மதிப்பு என்பது பொதுவாக நீங்கள் உண்மையில் கொடுத்த விலை. பல நாடுகளில் கப்பல் அல்லது விமானக் கட்டணமும் காப்பீடும் அதனுடன் சேரும். இந்த மதிப்பின்மேல் தீர்வை, அதாவது சுங்க வரி, கணக்கிடப்படும். தீர்வையையும் சேர்த்த தொகையின்மேல் உள்நாட்டு விற்பனை வரி வரும். வரியின்மேல் வரி வருவதைப் பலர் கவனிப்பதில்லை. இந்தியக் கணக்கையே எடுத்துக்கொண்டால், 10,000 ரூபாய் மதிப்புள்ள ஒரு பொருளுக்கு 10 சதவீத அடிப்படைத் தீர்வை என்றால் 1,000 ரூபாய். அந்தத் தீர்வையின்மேல் 10 சதவீத சமூகநல மேல்வரி 100 ரூபாய். பிறகு 11,100 ரூபாயின்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 1,998 ரூபாய். ஆக மொத்தம் 3,098 ரூபாய். ‘பத்து சதவீதம்தானே’ என்று நினைத்தவர் முப்பதுக்கும் மேல் கட்டுகிறார்.

துறைமுகத்தில் இறங்கும் கண்டெய்னருக்கும் விமான நிலையத்தில் இறங்கும் உங்களுக்கும் நடைமுறையில் அதிக வேறுபாடு இல்லை. இந்தியாவில் 2011 முதல் இறக்குமதியாளரே தம் தீர்வையை மதிப்பிட்டுத் தாக்கல் செய்கிறார். எந்தப் பெட்டியைத் திறப்பது என்பதை முன்கூட்டியே வந்த விவரங்களைக் கொண்டு கணினி தேர்ந்தெடுக்கிறது. விமானப் பயணத்திலும் நீங்கள் ஏறிய ஊர், வந்த வழி, சீட்டு வாங்கிய விதம் ஆகிய விவரங்கள் உங்களுக்கு முன்பே போய்ச் சேர்ந்திருக்கும். எனவே அதிகாரி உங்களை நிறுத்தினால் அதை அவமானமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பச்சை வழி, சிவப்பு வழி என்று பிரித்திருக்கும் நிலையங்களில், பச்சை வழியில் நடப்பதே ‘என்னிடம் அறிவிக்க வேண்டியது எதுவும் இல்லை’ என்று சட்டப்படி சொல்வதாகும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. சிவப்பு வழியில் போய்ச் சொல்லிவிட்டால் பெரும்பாலும் தீர்வையோடு முடியும். பச்சை வழியில் பிடிபட்டால் பறிமுதல், அபராதம், சில நாடுகளில் வழக்கு என்று நீளும். ஒரு பொருள் அறிவிக்கத் தக்கதா என்ற ஐயம் எழுந்தாலே அறிவித்துவிடுங்கள்.

சாப்பாட்டுப் பொருள்கள்

நம்மவர்கள் அதிகம் சிக்கிக்கொள்வது தங்கத்தில் அல்ல, சமையலறையில். அம்மாவோ மாமியாரோ கட்டிக் கொடுத்த அட்டைப்பெட்டியில் காசிமேட்டுக் கருவாடு, வடகம், ஊறுகாய், கறிவேப்பிலை, நெய், பால்கோவா, கசகசா எல்லாம் இருக்கும். எது எங்கே இருக்கிறது என்பது பெட்டியைத் தூக்கி வந்தவருக்கே தெரியாது. ஆஸ்திரேலியா இதில் மிகக் கண்டிப்பானது. அங்கே வருகை அட்டையில் எல்லா உணவுப் பொருள்களையும், விதைகளையும், மரச் சாமான்களையும், மண் ஒட்டிய செருப்பையும்கூட அறிவிக்க வேண்டும். அறிவித்த பொருளை அதிகாரி பார்த்து அனுமதிக்கலாம் அல்லது குப்பையில் போடலாம். அறிவித்ததற்காக அபராதம் இல்லை. மறைத்தால் அங்கேயே அபராதச் சீட்டு கிடைக்கும். 2019 முதல் தற்காலிக விசாவில் வருவோர் சிலரின் விசாவையே விமான நிலையத்தில் ரத்து செய்யும் அதிகாரமும் இருக்கிறது. கல்லூரியில் சேர வந்த பிள்ளை ஒரு கொத்து கறிவேப்பிலைக்காக அந்த நிலைக்குப் போக வேண்டியதில்லை. பிரிட்டனும் ஐரோப்பிய ஒன்றியமும் நம் நாட்டிலிருந்து இறைச்சியையும் பால் பொருள்களையும் பயணிகள் கொண்டுவர விடுவதில்லை. உலர்ந்த மீனுக்கு ஓர் அளவுவரை இடம் உண்டு. ஆகவே கருவாடு தப்பிப்பதும் பால்கோவா தப்பாததும் நடக்கும்.

அமீரகத்துக்குச் செல்வோர் கசகசாவை ஒரு பிடிகூடக் கொண்டு போகக் கூடாது. அங்கே அது போதைப்பொருள் தொடர்பான தடைக்குள் வருகிறது, குருமாவுக்கு வாங்கியது என்ற விளக்கம் எடுபடாது. சவூதியிலும் அதே நிலைதான். மருந்துகளிலும் இதே எச்சரிக்கை வேண்டும். கோடின் கலந்த இருமல் மருந்து, டிரமடால் என்ற வலி மருந்து, சில தூக்க மாத்திரைகள் ஆகியவை நம் மருந்துக் கடையில் எளிதாகக் கிடைத்தாலும் வளைகுடா நாடுகளில் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. மருத்துவரின் சீட்டும் மருந்தின் மூல உறையும் கையில் இருக்க வேண்டும். அமீரகத்துக்குச் செல்வோர் இணையம் வழியாக முன் அனுமதி பெறுவது அவசியம். சிங்கப்பூரில் சூயிங்கம், வாயில் போடும் புகையிலை, மின் சிகரெட் மூன்றும் தடை செய்யப்பட்டவை. சிகரெட்டுக்கு அங்கே வரிவிலக்கு அளவு என்பதே கிடையாது, ஒவ்வொரு சிகரெட்டுக்கும் தீர்வை உண்டு.

மண்ணடியில் குருவிகளைப் பற்றி அறியாதவர் இல்லை. சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் கொழும்புக்கும் பிறர் பொருளைச் சுமந்து போய்வருவதைப் பிழைப்பாகக் கொண்டவர்கள் அவர்கள். புதிதாகக் கிளம்பும் ஒருவரிடம் ‘தம்பி, இந்தப் பையை மட்டும் கொண்டு போ, அங்கே நம்ம ஆள் வந்து வாங்கிக்கொள்வார்’ என்று பக்கத்துத் தெரு அண்ணன் சொல்வது இன்றும் நடக்கிறது. எவ்வளவு நெருங்கிய உறவாக இருந்தாலும், நீங்களே அடுக்காத பையைத் தூக்காதீர்கள். சிங்கப்பூர், மலேசியா ஆகிய நாடுகளில் போதைப்பொருள் குற்றத்துக்கு மரண தண்டனை வரை இருக்கிறது. பை என்னுடையது அல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பு, அதைக் கையில் வைத்திருந்த உங்கள்மேல்தான் விழும்.

வீட்டுச் சாமான்களைக் கப்பலில் அனுப்புதல்

குடும்பத்தோடு செல்வோர் பாத்திரம், கிரைண்டர், புத்தகம், பூஜைச் சாமான் ஆகியவற்றைப் பிறர் சரக்கோடு சேர்த்து ஒரே கண்டெய்னரில் அனுப்புவது வழக்கம். லிங்கிச் செட்டித் தெருவிலும் தம்புச் செட்டித் தெருவிலும் உள்ள கிளியரிங் ஏஜென்டுகள் சென்னை முனையில் எல்லாவற்றையும் செய்து கொடுப்பார்கள். போய்ச் சேரும் முனையில் நீங்கள்தான் இறக்குமதியாளர். குடியேறுவோரின் பழைய சாமான்களுக்குப் பல நாடுகள் தீர்வை விலக்கு அளிக்கின்றன, ஆனால் ஒவ்வொன்றும் ஒரு நிபந்தனையோடு வருகிறது. கனடாவில், முதன்முதலாகத் தரையிறங்கும் நாளிலேயே, கையில் கொண்டு வந்தவை ஒரு பட்டியல், பின்னர் வர இருப்பவை இன்னொரு பட்டியல் என்று மதிப்போடு எழுதி அதிகாரியிடம் கொடுத்து முத்திரை வாங்க வேண்டும். நகையை அடையாளம் சொல்லும் விவரத்தோடு எழுத வேண்டும். அன்று எழுதாத பொருளுக்குப் பிறகு விலக்குக் கேட்பது கடினம். விலக்கில் வந்த பொருளை 12 மாதங்களுக்குள் விற்றால் தீர்வை கட்ட வேண்டும். பிரிட்டனில், குடிவருவதற்கு முன் 12 மாதங்கள் அந்நாட்டுக்கு வெளியே வாழ்ந்திருக்க வேண்டும், பொருளை 6 மாதங்கள் பயன்படுத்தியிருக்க வேண்டும், சரக்கு வருமுன்பே வரித்துறையிடம் விண்ணப்பித்து ஒப்புதல் பெற வேண்டும். ஆஸ்திரேலியா 12 மாதங்கள் சொந்தமாக வைத்துப் பயன்படுத்திய பொருளுக்கே விலக்கு அளிக்கிறது. கிளம்பும் வாரத்தில் சௌகார்பேட்டையில் வாங்கிய புத்தம்புதிய எவர்சில்வர் பாத்திரங்கள் இந்தக் கணக்கில் சேராது.

மரப்பெட்டியில் கட்டினால் அந்த மரத்தில் சர்வதேச முத்திரை இருக்க வேண்டும். மரத்தின் உட்பகுதி வரை 56 டிகிரி வெப்பத்தில் 30 நிமிடம் சூடாக்கியதற்கோ புகையூட்டியதற்கோ அது சான்று. முத்திரை இல்லாத பலகையால் சரக்கு முழுவதும் திருப்பி அனுப்பப்படலாம். சரக்கு வந்த பிறகு ஆவணம் தாமதமானால் கிடங்கு வாடகை நாள்தோறும் ஏறும்; பல நேரங்களில் தீர்வையைவிட டெமரேஜ் எனப்படும் இந்தத் தாமதக் கட்டணம் அதிகமாகிவிடும். ‘வீட்டுச் சாமான், 12 பெட்டி’ என்று ஒற்றை வரியில் எழுதும் பட்டியல்தான் இந்தத் தாமதத்துக்குப் பெரும்பாலும் காரணம். ஒவ்வொரு பெட்டிக்கும் எண் கொடுத்து உள்ளே இருப்பதை எழுதுங்கள்.

புறப்படுவதற்கு முன் இந்தியப் பக்கத்தில் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அதிக நகை அணிந்து செல்லும் பெண்கள் சென்னை விமான நிலையத்தில் சுங்க அதிகாரியிடம் காட்டி ஏற்றுமதிச் சான்றிதழ் பெற்றுக்கொண்டால், திரும்பி வரும்போது அது இங்கிருந்து போன நகைதான் என்பதை எளிதாக நிறுவலாம். இதற்கு நேரம் ஆகும் என்பதால் முன்னதாகவே போக வேண்டும். மயிலிறகை எடுத்துச் செல்ல முடியாது. 100 ஆண்டுகளைக் கடந்த சிலைகளையும், 75 ஆண்டுகளைக் கடந்த ஓலைச்சுவடிகளையும் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் தனியார் வெளியே கொண்டுபோகத் தடுக்கிறது. வீட்டுப் பூஜையறை விக்கிரகம் பழையதாகத் தோன்றினால், அது தொல்பொருள் அல்ல என்ற சான்றைத் தொல்லியல் துறையிடம் பெற்றுவிடுங்கள்.

குடியேறிய பிறகு

சிங்கப்பூரில் வேலை அனுமதியிலோ மாணவர் அனுமதியிலோ வசிப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 48 மணி நேரமோ அதற்கு மேலோ வெளியே இருந்து திரும்பும் பயணிகளுக்கு 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரையிலான பொருள்களுக்கு அளிக்கப்படும் ஜி.எஸ்.டி. விலக்கு, வேலை அனுமதி, மாணவர் அனுமதி, சார்ந்தோர் அனுமதி ஆகியவற்றை வைத்திருப்பவர்களுக்குப் பொருந்தாது. தீபாவளிக்கு ஊருக்கு வந்து பட்டுப்புடவைகளோடு திரும்புவோர் 9 சதவீதம் கட்ட வேண்டியிருக்கும். ரொக்கப் பணத்தைப் பொறுத்தவரை, ஆஸ்திரேலியா, கனடா, அமெரிக்கா, பிரிட்டன் ஆகியவற்றில் அந்தந்த நாணயத்தில் 10,000, சிங்கப்பூரில் 20,000 வெள்ளி, அமீரகத்தில் 60,000 திர்ஹம் என்ற அளவை, நாட்டைப் பொறுத்து, எட்டினாலோ கடந்தாலோ அறிவிக்க வேண்டும். அறிவிப்பதால் வரி எதுவும் பிடிப்பதில்லை. அறிவிக்காவிட்டால் பணமே போகலாம்.

ஊருக்குப் பொருள் கொண்டுவருவது தனிக் கதை. ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் வாழ்ந்தவர் திரும்பும்போது பெண் 40 கிராம், ஆண் 20 கிராம் நகை தீர்வையின்றிக் கொண்டுவரலாம். கட்டியாகவோ நாணயமாகவோ உள்ள தங்கத்துக்கு இச்சலுகை இல்லை. 2024 ஜூலையில் தங்கத்தின் தீர்வை 15 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாகக் குறைக்கப்பட்டபோது பழைய கடத்தல் கணக்கின் லாபம் பாதிக்கு மேல் கரைந்துவிட்டது. இருந்தும் கட்டியை மறைத்துக் கொண்டுவந்து பிடிபடுவோரின் செய்தி நிற்கவில்லை என்பது எனக்குப் புரியாத புதிர். தட்டைத் திரை தொலைக்காட்சி 2013 ஆகஸ்ட் முதல் தீர்வையின்றிக் கொண்டுவரக்கூடிய இலவச அளவில் சேராது. தபாலிலோ கூரியரிலோ வரும் பரிசுப் பொருளுக்கு இருந்த விலக்கும் 2019 டிசம்பரில் நீக்கப்பட்டது. உயிர்காக்கும் மருந்து போன்ற சிலவற்றைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் முழுத் தீர்வை உண்டு, பெட்டியின்மேல் ‘கிஃப்ட்’ என்று எழுதுவதால் பயன் இல்லை. தொகை வரம்புகள் அடிக்கடி மாறுவதால், கிளம்பும் வாரத்தில் சுங்கத்துறையின் சொந்த இணையதளத்தையே பாருங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றும் பட்டியலை நம்ப வேண்டாம்.

இந்தியாவுக்கு வரும்போது ஒரு பொருளுக்குத் தீர்வை கட்ட மனமில்லை என்றால், உண்மையாக அறிவித்துவிட்டு, திரும்பிப் போகும்வரை அதைச் சுங்கத்துறையின் பாதுகாப்பில் வைக்கும்படி கேட்கச் சுங்கச் சட்டத்தின் 80-ஆவது பிரிவு வழி செய்கிறது. ரசீது வாங்கிக்கொண்டு, போகும்போது எடுத்துச் செல்லலாம். எந்த விமான நிலையத்திலும் கட்டும் பணத்துக்கு ரசீது கேளுங்கள். மதிப்பீட்டில் உடன்பாடு இல்லையென்றால் குரலை உயர்த்தாமல், கடையின் பில்லைக் காட்டி, எழுத்தில் உத்தரவு கேளுங்கள். மேல்முறையீட்டுக்கு அந்தக் காகிதம் தேவைப்படும்.

ஊரில் இருக்கும் பெற்றோரிடம் இதையும் சொல்லி வையுங்கள். ‘உங்கள் மகன் அனுப்பிய பார்சல் சுங்கத்தில் நிற்கிறது, அதில் போதைப்பொருள் இருக்கிறது, உடனே பணம் அனுப்புங்கள்’ என்று தொலைபேசியில் மிரட்டுவோர் சுங்க அதிகாரிகள் அல்லர். சுங்கத்துறை தனிநபர் கணக்குக்குப் பணம் அனுப்பச் சொல்வதில்லை, வீடியோ அழைப்பில் யாரையும் கைது செய்வதும் இல்லை. அது அனுப்பும் கடிதங்களில் 2019 முதல் ஓர் ஆவண அடையாள எண் இருக்கும், அதை மத்திய மறைமுக வரிகள் மற்றும் சுங்க வாரியத்தின் தளத்தில் சரிபார்க்கலாம். அப்படி அழைப்பு வந்தால் போனை வைத்துவிட்டு உங்களை அழைக்கச் சொல்லுங்கள். பணம் போய்விட்டிருந்தால் 1930 என்ற எண்ணில் தாமதமின்றிப் புகார் செய்யச் சொல்லுங்கள்.