கடற்கரையில் குப்பை பொறுக்கப் போகிறீர்களா? இதையெல்லாம் தவிருங்கள்

சென்னை பெசன்ட் நகர் பக்கம் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் புதுப்புதுக் குழுக்கள் சாக்கும் கையுறையுமாக வந்து இறங்குகின்றன. நல்ல விஷயம்தான். ஆனால் நாங்கள் தொடங்கிய காலத்தில் அடித்த சொதப்பல்களையே இவர்களும் அச்சுப் பிசகாமல் அடிக்கிறார்கள். தொப்பி போடுங்கள், கண்ணாடிச் சில்லில் கை வைக்காதீர்கள் என்பதையெல்லாம் யார் வேண்டுமானாலும் சொல்வார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

மூட்டை எங்கே போகும் என்று கேட்காமல் தொடங்குவது

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருவது இதில்தான். ஆள் திரட்டுவார்கள், டீ சர்ட் அச்சடிப்பார்கள், வாட்ஸ்அப் குழு தொடங்குவார்கள். வண்டி யார் அனுப்புவது, எத்தனை மணிக்கு வரும், எங்கே கொண்டுபோய்க் கொட்டும் என்று மட்டும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். வெயில் ஏறியதும் மூட்டைகளைச் சுற்றி நின்று படம் எடுத்துக்கொண்டு டிபன் சாப்பிடப் போய்விடுவார்கள். மூட்டை மணலிலேயே கிடக்கும்.

அன்று சாயங்காலம் போய்ப் பார்த்தால் தெரியும். பிரியாணிப் பொட்டலத்தின் வாசனைக்கு நாய்கள் பையைக் கிழித்திருக்கும். மெல்லிய கறுப்புப் பை ஈர மணலின் கனம் தாங்காமல் அடியில் பிய்ந்திருக்கும். காலையில் முதுகு வலிக்கக் குனிந்து எடுத்த பிஸ்கட் உறை மறுபடி அலையை நோக்கி உருண்டுகொண்டிருக்கும். இந்த முறை கூடவே ஒரு கறுப்புப் பையும். ஒரு டிசம்பரில் ஒரு கல்லூரிக் குழு மூட்டைகளை வரிசையாக அடுக்கி வைத்துவிட்டுப் போனது. அன்று இரவு கடல் ஏறி வந்தது. காலையில் அந்த இடத்தில் மிச்சம் இருந்தவை நாலைந்து பைகள், அவையும் பாதி காலி. போன் செய்து கேட்டால், "கார்ப்பரேஷன் எடுத்துக்கும்னு நினைச்சோம் சார்" என்றார்கள். யார் சொன்னது? "யாரும் சொல்லல சார்."

கார்ப்பரேஷன் எடுக்கும். முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும், அவ்வளவுதான். வார்டு அலுவலகத்தில் ஓரிரு நாள் முன்பே பேசி, வண்டி வரும் நேரத்தை வாங்கிவிடுங்கள். வண்டி கிளம்பும்வரை உங்களில் இரண்டு பேராவது மூட்டைப் பக்கத்திலேயே நிற்க வேண்டும்.

வண்டி வந்துவிட்டால் முடிந்ததா? இல்லை. எல்லாவற்றையும் ஒரே சாக்கில் திணித்தால் அது நேராகக் குப்பைமேட்டுக்குத்தான் போகும். தென்சென்னைக் குப்பையைப் பல ஆண்டுகளாகக் கொட்டிய மேடு பெருங்குடியில், பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் ஓரத்தில் இருக்கிறது. அந்தச் சதுப்பின் தண்ணீர் ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, கோவளம் முகத்துவாரத்தில் கடலைச் சேர்கிறது. கடலோரத்தில் எடுத்ததை ஊரைச் சுற்றிக் கொண்டுபோய் மறுபடி கடலுக்குப் போகும் வழியிலேயே வைக்கிறோம்.

அதனால் பொறுக்கும்போதே பிரியுங்கள். தண்ணீர் பாட்டில், கெட்டி டப்பா ஒரு சாக்கில். மூடியைத் திருகி எடுத்து, உள்ளே இருக்கும் மணலைக் கொட்டி, உதறிப் போட்டால் காயலான் கடைக்காரர் எடுத்துக்கொள்வார். மணலும் சேறுமாகக் கொடுத்தால் தொடக்கூட மாட்டார். ஷாம்பு, சிப்ஸ், பான் மசாலா உறைகள் வேறு சாக்கில். பல அடுக்கு ஒட்டிய அந்த உறைகளை மறுசுழற்சிக்காக யாரும் வாங்குவதில்லை. காய்ந்த நிலையில் தனியாகக் கொடுத்தால் சிமென்ட் ஆலை உலைக்கு எரிபொருளாக அனுப்ப வழி உண்டு. கறுப்புப் பை வேண்டாம், கோணி போதும்.

கிடக்கிற வலையெல்லாம் குப்பை என்று நினைப்பது

ஊரூர் குப்பத்துப் பக்கம் ஒரு பையன் உற்சாகமாக ஒரு வலைச் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டான். பின்னாலேயே ஒரு பெரியவர் ஓடி வந்தார். "தம்பி, அது குப்பை இல்லப்பா, விடியக்காலைல கடலுக்குப் போற வலை." கயிறு, மிதவை, தெர்மாகோல் கட்டை எதுவானாலும் குப்பத்தில் கேட்டுவிட்டுத் தொடுங்கள்.

உண்மையிலேயே அறுந்து ஒதுங்கிய வலை மணலில் பாதி புதைந்து கிடந்தால், கத்தியால் துண்டு துண்டாக அறுக்காதீர்கள். அறுத்த நைலான் துண்டுகளில் பாதி அலையோடு போய்விடும். சுற்றிலும் தோண்டி முழுசாக எடுங்கள். சிக்கியிருக்கும் நண்டுகளை முதலில் விடுவியுங்கள்.

பாட்டில் தண்ணீர் வாங்கி வருவது

குடம் கொண்டு வாருங்கள்.

செப்டம்பரில் கடலைத் தேடிப் போவது

செப்டம்பர் மூன்றாவது சனிக்கிழமை உலகக் கடற்கரைத் தூய்மை நாள். 1986இல் அமெரிக்காவின் டெக்சாஸ் கரையில் தொடங்கியது. அவர்கள் ஊருக்கு அது சரியான பருவமாக இருக்கலாம். சென்னைக்கு மழை வருவது அதற்கப்புறம்தான். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை பிடித்ததும் கூவமும் அடையாறும் ஆண்டு முழுக்கச் சேர்த்த குப்பையை மொத்தமாகத் தள்ளிவிடும். அந்த மாதங்களில் கரையோர நீரோட்டம் வடக்கிலிருந்து தெற்கே போகிறது. அடையாறு முகத்துவாரத்தில் இறங்கியது பெசன்ட் நகரில் ஒதுங்காமல் வேறெங்கே ஒதுங்கும்?

ஆறுகள் கடலுக்குக் கொண்டுபோகும் பிளாஸ்டிக்கில் 80 சதவீதம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆறுகளிலிருந்து போகிறது என்று 2021இல் வந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. நகரத்துக்குள் ஓடும் சின்ன ஆறுகளுக்கு அதில் பெரிய பங்கு. எனவே செப்டம்பரில் ஆள் இருந்தால் கடலை விட்டுவிட்டு உங்கள் தெரு மழைநீர் வடிகாலுக்கும் கால்வாய்க் கரைக்கும் போங்கள். படம் அழகாக வராது என்பது உண்மைதான். கடற்கரைக்கு மழை ஓய்ந்து ஜனவரியில் வரலாம்.

ஜனவரியில் வந்தால் பங்குனி ஆமை என்ற கடலாமை முட்டையிடும் பருவம் தொடங்கிவிடும். மேட்டு மணலில் வாரியோ மண்வெட்டியோ வேண்டாம், கையால் பொறுக்குங்கள்.

அடும்பங்கொடியைக் களை என்று பிடுங்குவது

கொடிக்குள் கைவிட்டுக் குப்பையை மட்டும் எடுங்கள். அடும்பும் இராவணன் மீசைப் புல்லும் போய்விட்டால் மணல்மேடு நிற்காது.

'மக்கும்' பை

கடலில் மக்காது. 'மக்கும்' என்ற சான்றிதழ் உரக்கூடத்துச் சூட்டுக்குக் கொடுத்தது.

எடையைச் சொல்லிப் பெருமைப்படுவது

"முந்நூறு கிலோ எடுத்தோம்" என்பார்கள். அதில் ஈர மணலும் பீர் பாட்டிலும் எவ்வளவு? பறவையும் மீனும் விழுங்குவது தெர்மாகோல் பொடியும் உறைத் துணுக்கும். அதற்குத் தராசில் எடையே இருக்காது. எடையை விட்டுவிட்டு எண்ணுங்கள். எந்தக் கம்பெனி உறை எத்தனை, டீக் கப் எத்தனை என்று எழுதுங்கள். பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. ஒரே கரையில் அது எத்தனை கிடைத்தது, பக்கத்தில் எத்தனை கடைகள் என்ற கணக்கு கையில் இருந்தால் வார்டு கூட்டத்தில் கேள்வி கேட்க முடியும். எல்லாவற்றையும் எண்ணச் சோம்பலாக இருந்தால் நூறு அடி தூரத்துக்குக் கயிறு பிடித்து, அதற்குள் கிடப்பதை மட்டும் எண்ணுங்கள். அடுத்த மாதமும் அதே நூறு அடி.