உயரமான பவுலரா? ஆம்ப்ரோஸைப் பார்த்துப் போடுங்கள்

ஆறடிக்கு மேல் வளர்ந்துவிட்டால் நெஞ்சுக்கும் தலைக்கும் எகிறும் பவுன்சராகவே போடத் தோன்றும், முதலில் அந்த ஆசையை அடக்குங்கள். வெஸ்ட் இண்டீஸ் வேகப்பந்து வீச்சாளர், ஆன்டிகுவாவின் கர்ட்லி ஆம்ப்ரோஸ் 6 அடி 7 அங்குலம். 1988 முதல் 2000 வரை 98 டெஸ்டில் அவர் 405 விக்கெட் எடுத்தது பெரும்பாலும் ஆஃப் ஸ்டம்பை ஒட்டி, முன்னால் வருவதா பின்னால் போவதா என்று பேட்ஸ்மேன் குழம்பும் 'குட் லெங்த்'தில் (பந்து தரையில் விழும் தூரம்) விடாமல் போட்டுத்தான். 1993இல் ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் 32 பந்தில் ஒரே ஒரு ரன் கொடுத்து 7 விக்கெட், நம்ப முடிகிறதா!

சரி, கையை நன்றாக உயர்த்தி, மணிக்கட்டைப் பந்துக்குப் பின்னால் வைத்து, சீம் (பந்தின் தையல்) நேராக இறங்கும்படி விடுங்கள், அந்த உயரத்துக்குப் பந்து தானாக எழும்பும். வலைப்பயிற்சியில் குட் லெங்த்தில் ஒரு துண்டை விரித்துக் குறிவையுங்கள். ஷார்ட்டாகவே, அதாவது துண்டை எட்டாமல் முன்பே விழுந்தால் பேட்ஸ்மேன் பக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள்.

அப்புறம் முதுகு. வலித்தால் அன்றைக்கு வீசவே வேண்டாம்.