மண்டிச் சிட்டையைப் போல ஒரு வேலைச் சிட்டை: மென்பொருள் பணிக்குப் புதிதாக வருபவர்களுக்கான செய்முறை

கிருஷ்ணகிரியில் என் சித்தப்பா மாங்காய் மண்டி நடத்துகிறார். சீசன் நாட்களில் வண்டி உள்ளே வந்து எடை போட்டு முடிந்த நிமிடமே, எந்தத் தோட்டத்துச் சரக்கு, பெங்களூராவா செந்தூராவா, எத்தனை கிலோ, என்ன விலை என்பதைச் சிட்டையில் எழுதிவிடுவார். இரவு மண்டி அடங்கிய பிறகு, சிட்டையில் உள்ளவை பேரேட்டில் ஏறும். எண் தவறாகிவிட்டால் அழிக்க மாட்டார். பழைய எண் படிக்கத் தெரியும்படி குறுக்கே ஒரு கோடு இழுத்துவிட்டுப் பக்கத்தில் சரியான எண்ணை எழுதுவார். சிறுவயதிலிருந்து இதைப் பார்த்து வளர்ந்திருந்தும், மென்பொருள் வேலையில் சேர்ந்து மூன்று ஆண்டுகள் கழித்துத்தான் இதே முறையை என் வேலைக்குக் கொண்டுவந்தேன். அப்படிக் கொண்டுவர வைத்தது நான் செய்த ஒரு தவறு.

அப்போது பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டியில் ஓர் அலுவலகத்தில் இருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை மாலை, சோதனை சர்வரில் டேட்டாபேஸ் இணைப்புகளின் உச்ச எண்ணிக்கையை 50 என்பதிலிருந்து 5 ஆகக் குறைத்தேன். நெரிசல் வந்தால் கோரிக்கைகள் எப்படிக் காத்திருக்கின்றன என்று பார்ப்பதே நோக்கம். பார்த்து முடித்ததும், அத்திப்பள்ளி நெரிசலுக்கு முன் ஊர் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் எண்ணைத் திருப்பி வைக்காமலேயே கிளம்பிவிட்டேன். திங்கட்கிழமை காலை, அந்த எண் இருந்த அதே கான்ஃபிக் (அமைப்புகள்) கோப்பு, வாடிக்கையாளர்கள் பயன்படுத்தும் புரொடக்‌ஷன் சர்வருக்கு நகலெடுக்கப்பட்டது. வாடிக்கையாளர்களின் திரைகள் ஒவ்வொன்றாகப் பதில் வராமல் டைம்அவுட் ஆகத் தொடங்கின. காரணத்தைக் கண்டுபிடிக்க மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. கண்டுபிடித்த பிறகும், முன்பு இருந்த எண் 50ஆ 40ஆ என்று அன்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அந்தக் கோப்பை சர்வரிலேயே நேரடியாகத் திருத்தியிருந்ததால், மாற்றங்களின் வரலாற்றைச் சேமிக்கும் கிட் (Git) மென்பொருளிலும் வரலாறு இல்லை.

பர்கூர் அரசு பொறியியல் கல்லூரியிலோ தருமபுரி செட்டிக்கரையிலோ படித்து முடித்து, முதல் வேலைக்குக் கிளம்பும் தம்பி தங்கைகள் என்னிடம் பெரும்பாலும் எந்த மொழியைக் கற்க வேண்டும் என்றே கேட்கிறார்கள். அதற்கு விடை சொல்லப் பலர் இருக்கிறார்கள். அன்றாடம் சிட்டை எழுதுவது எப்படி என்பதை மட்டும் இங்கே விளக்குகிறேன்.

படி 1: கோப்பை உருவாக்குங்கள்

மாதத்துக்கு ஒரு சாதாரண டெக்ஸ்ட் கோப்பு போதும். பெயரை 2025-06 என்பதுபோல ஆண்டு, மாதம் என்ற வரிசையில் வையுங்கள். அப்படி வைத்தால் கோப்புகள் தாமாகவே கால வரிசையில் நிற்கும். ஜூன்-2025 என்று வைத்தால் அகர வரிசைப்படி ஏப்ரலும் ஆகஸ்டும் முதலில் வந்து குழப்பும்.

குறிப்பு எழுதுவதற்கென்றே எத்தனையோ செயலிகள் உள்ளன. அவற்றில் நான்கை முயன்ற பிறகு சொல்கிறேன்: தொடக்கத்தில் அவை வேண்டாம். வண்ணங்களையும் அட்டவணைகளையும் அடுக்குவதிலேயே முதல் வாரம் போய்விடும். செயலி மாறினால் பழைய குறிப்புகளை எடுத்துச்செல்வதும் சிரமம். டெக்ஸ்ட் கோப்பை எந்தக் கணினியிலும் திறக்கலாம். நான் விஎஸ் கோட் பயன்படுத்துகிறேன். அதில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஃப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் ஃபோல்டரில் உள்ள எல்லா மாதக் கோப்புகளிலும் ஒரே நேரத்தில் தேடலாம். விண்டோஸ் நோட்பேட் பயன்படுத்துபவர்கள் எஃப்5 விசையை அழுத்தினால் அப்போதைய நேரமும் தேதியும் தானாகவே பதிவாகும்.

தமிழில் எழுதுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை உண்டு. பழைய விண்டோஸ் நோட்பேட், கோப்புகளை ஆன்சி என்ற குறியாக்கத்தில்தான் (எழுத்துகளைக் கணினி சேமிக்கும் முறை) இயல்பாகச் சேமிக்கும். அது காட்டும் எச்சரிக்கையைப் படிக்காமல் ஓகே கொடுத்தால் தமிழ் எழுத்துகள் அனைத்தும் கேள்விக்குறிகளாகிவிடும். அவற்றை மீட்க வழியில்லை. 2019இல் வெளிவந்த விண்டோஸ் 10 பதிப்பு 1903 முதல் தமிழையும் சேமிக்கும் யூடிஎஃப்-8 குறியாக்கம் இயல்பான தேர்வாகிவிட்டது. அலுவலகக் கணினி பழையதாக இருந்தால், சேமிக்கும்போது கீழே உள்ள குறியாக்கப் பெட்டியை ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

படி 2: காலையில் மூன்று வரி

மின்னஞ்சலைத் திறப்பதற்கு முன், இன்று முடிக்க வேண்டிய ஒன்று, இன்று தொட வேண்டிய ஒன்று, யாரிடமிருந்தாவது பதில் வர வேண்டியிருந்தால் அது என மூன்று வரி எழுதுங்கள். வேலையைச் சிறு காலக்கட்டங்களாகப் பிரித்துச் செய்யும் ஸ்க்ரம் முறையில் இயங்கும் குழுவாக இருந்தால், 15 நிமிடக் காலைக் கூட்டத்தில் இந்த வரிகளையே படித்துவிடலாம்.

படி 3: மாற்றுவதற்கு முன் பழையதை எழுதுங்கள்

என்னைத் தடுமாறச் செய்த படி இது. மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டாலும் இதை மட்டும் விடாதீர்கள்.

சிட்டை எழுதத் தொடங்கிய புதிதில், செய்து முடித்ததை மட்டுமே எழுதிவந்தேன். 'சர்வர் கான்ஃபிக் மாற்றினேன்' என்ற வரி என் முதல் மாதக் கோப்பில் பலமுறை வருகிறது. இன்று அதைப் படித்தால் எந்த சர்வர், எதை, எதிலிருந்து எதற்கு மாற்றினேன் என்பது எனக்கே தெரியவில்லை. மண்டியில் 'மாங்காய் வந்தது' என்று மட்டும் எழுதினால் எந்த விவசாயிக்கும் பணம் கொடுக்க முடியாது.

ஆகவே எந்த மதிப்பைத் தொடுவதாக இருந்தாலும், விசைப்பலகையில் கை வைப்பதற்கு முன், அந்த வரியை அப்படியே நகலெடுத்துச் சிட்டையில் ஒட்டுங்கள். நினைவிலிருந்து தட்டச்சு செய்ய வேண்டாம். ஒரு பூஜ்யம் கூடுவதும் குறைவதும் அங்கேதான் நடக்கிறது. அந்த வெள்ளிக்கிழமை நான் எழுதியிருக்க வேண்டிய குறிப்பு இப்படி இருந்திருக்கும்:

15.40. சோதனை சர்வர். டேட்டாபேஸ் இணைப்பு உச்ச எண்ணிக்கை. முன்பு: 50. இப்போது: 5. காரணம்: காத்திருப்புப் பிழையை வரவழைத்துப் பார்க்க. @@திருப்பு: இன்று கிளம்புவதற்கு முன்.

கடைசியில் உள்ள @@திருப்பு என்ற அடையாளத்தைக் கவனியுங்கள். வேறு எங்கும் இயல்பாக வராத ஒரு குறி என்பதால், மாலையில் அதைத் தேடினால் திருப்பி வைக்க வேண்டியவை மட்டும் வரிசையாக வந்து நிற்கும். திருப்பியதும் அந்த வரியை நீக்கிவிடாதீர்கள். @@ குறியை மட்டும் எடுத்துவிட்டு, 'திருப்பியாயிற்று 18.10' என்று சேருங்கள். அடுத்த மாதம் யாராவது அந்த வெள்ளிக்கிழமை என்ன நடந்தது என்று கேட்டால், மாற்றிய நேரம், திருப்பிய நேரம் இரண்டும் கையில் இருக்கும்.

கான்ஃபிக் கோப்பு கிட்டிலேயே இருக்கும்போது இது எதற்கு என்று சிலர் கேட்பார்கள். இருந்தால் மிக நல்லது. அங்கேதான் இருக்கவும் வேண்டும். ஆனால் மதிப்புகளை மாற்ற டேட்டாபேஸில் கையால் ஓட்டும் அப்டேட் கட்டளை, கிளவுட் திரையில் மாற்றும் ஒரு தேர்வு, யாரோ ஒருவருக்குத் தற்காலிகமாகக் கொடுக்கும் அனுமதி ஆகியவை பல அலுவலகங்களில் கிட்டுக்கு வருவதே இல்லை. அப்டேட் ஓட்டுவதற்கு முன் அதே நிபந்தனையுடன், எதையும் மாற்றாமல் படித்து மட்டும் காட்டும் செலக்ட் கட்டளையை ஓட்டி, எத்தனை வரிசைகள் வருகின்றன என்ற எண்ணையும் அவற்றின் பழைய மதிப்புகளையும் பதிந்துகொள்ளுங்கள். 12 வரிசைகள் வரும் என்று நினைத்த இடத்தில் 12,000 வந்தால், தவறு நிகழ்வதற்கு முன்பே தெரிந்துவிடும்.

படி 4: நேரத்தை எந்தக் கடிகாரப்படி எழுதுகிறீர்கள்?

பெரும்பாலான சர்வர்கள் யூடிசி எனப்படும் உலகப் பொது நேரத்தில் இயங்குகின்றன. நம் நேரம் அதைவிட 5 மணி 30 நிமிடம் முன்னால் இருக்கிறது. பகலில் இதனால் பெரிய சிக்கல் இல்லை, கூட்டிக் கழித்துக்கொள்ளலாம். இரவுப் பணியில்தான் வழி தவறும். புதன்கிழமை அதிகாலை 2 மணிக்கு நீங்கள் ஒரு மாற்றம் செய்தால், சர்வரின் லாகில் (நிகழ்வுப் பதிவில்) அது செவ்வாய்க்கிழமை 20.30 என்று பதிவாகும். புதன்கிழமை லாகைத் திறந்து எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. நான் ஒருமுறை முழுக் காலையையும் இப்படி இழந்திருக்கிறேன்.

தானாக ஓடும் வேலைகளுக்கு நேரம் குறிப்பதிலும் இதே கண்ணி இருக்கிறது. திங்கட்கிழமை காலை 5 மணிக்கு ஓட வேண்டிய அறிக்கையை யூடிசியில் குறித்தால், அது ஞாயிற்றுக்கிழமை 23.30 ஆகிறது. மணியை மட்டும் மாற்றிவிட்டுக் கிழமையைத் திங்களாகவே விட்டால், அறிக்கை செவ்வாய்க்கிழமை காலையில்தான் வரும். லினக்ஸ் சர்வரில் டேட் என்ற கட்டளையைக் கொடுத்தால் அது எந்த நேர மண்டலத்தில் இருக்கிறது என்பது தெரியும். சிட்டையில் நம் நேரத்தையே எழுதுங்கள். சர்வர் மாற்றங்களுக்கு மட்டும் பக்கத்தில் யூடிசி நேரத்தையும் தேதியையும் சேருங்கள்.

படி 5: சிக்கிக்கொண்டால் சிட்டையிலிருந்து கேளுங்கள்

தனியாக 30 நிமிடம் முயலுங்கள். அதற்கு மேல் தெரியவில்லை என்றால் மூத்தவரிடம் கேட்டுவிடுங்கள். நம் ஊர்ப் பிள்ளைகள் பலர், கேட்டால் தெரியாதவன் என்று நினைத்துவிடுவார்களோ என்று அஞ்சி, இரண்டு நாட்கள் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். நானும் அப்படி இருந்தவன்தான். அந்த இரண்டு நாட்களும் குழு முழுவதற்கும் இழப்பு.

கேட்கும்போது 'வேலை செய்யவில்லை அண்ணா' என்று மட்டும் சொல்லாமல், எதை எதிர்பார்த்தீர்கள், என்ன வந்தது, இதுவரை எதையெல்லாம் முயன்றீர்கள் என்பதைச் சிட்டையிலிருந்து எடுத்துச் சொல்லுங்கள். பிழைச் செய்தியைப் படமாக அனுப்பாமல் எழுத்தாகவே ஒட்டுங்கள். படத்திலிருந்து அவர் எதையும் எளிதாக நகலெடுத்துத் தேட முடியாது. இந்த மூன்றையும் வரிசையாக எழுதும்போதே, கேட்பதற்கு முன்னால் விடை புலப்பட்ட நாட்கள் எனக்கு நிறைய உண்டு.

படி 6: கமிட் செய்தி, உங்கள் பேரேடு

சிட்டை உங்களுக்கானது; தமிழிலோ ஓசூர்ப் பக்கத்துப் பேச்சு மொழியிலோ எப்படியும் எழுதலாம். கமிட் செய்தி, அதாவது நிரல் மாற்றத்தைக் கிட்டில் பதியும்போது எழுதும் குறிப்பு, குழுவுக்கானது; அதைக் குழுவின் மொழியில் எழுத வேண்டும். 2005இல் லினக்ஸ் கெர்னலின் வளர்ச்சிப் பணிக்காக லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய கிட், ஒவ்வொரு மாற்றத்துடனும் ஒரு செய்தியைச் சேர்த்தே சேமிக்கிறது. முதல் வரி 50 எழுத்துகளுக்குள் சுருக்கமாக, பிறகு ஒரு வெற்று வரி, அதற்குக் கீழே விளக்கம் என்பதுதான் பரவலாகப் பின்பற்றப்படும் வழக்கம். எதை மாற்றினீர்கள் என்பதை நிரல் வரிகளே காட்டிவிடும். ஏன் மாற்றினீர்கள் என்பது உங்கள் விளக்கத்தில்தான் இருக்கும். ஓராண்டு கழித்து யாரோ ஒருவர், ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றியது யார் என்று காட்டும் கிட் பிளேம் கட்டளையைக் கொடுத்து அந்த வரிக்கு வரும்போது, அவர் தேடுவது அந்தக் காரணத்தைத்தான்.

படி 7: கிளம்புவதற்கு முன் பத்து நிமிடம்

முதலில் @@ குறியைத் தேடி, திருப்ப வேண்டியவற்றைத் திருப்புங்கள். அடுத்து, பாதியில் நிற்கும் நிரலை கிட்டில் உங்கள் சொந்தக் கிளையில் (பிராஞ்ச்) கமிட் செய்து, குழுவின் கிட் சர்வருக்கும் புஷ் செய்துவிடுங்கள். பலர், முடியாத மாற்றங்களைத் தற்காலிகமாக ஒதுக்கி வைக்கும் கிட் ஸ்டாஷில் வைத்துவிட்டுப் போகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஸ்டாஷ் உங்கள் மடிக்கணினியில் மட்டுமே இருக்கும், கணினி பழுதானால் அதுவும் போய்விடும். கடைசியாக, நாளை காலை முதலில் செய்ய வேண்டியதை ஒரே வரியில், கோப்பின் பெயரோடும் வரி எண்ணோடும் எழுதுங்கள். இந்த ஒரு வரி இருந்தால், பஸ்ஸில் ஓசூர் தாண்டும் வரை வேலையையே அசைபோட்டுக்கொண்டு வர வேண்டியதில்லை.

வெள்ளிக்கிழமைகளில் மட்டும் கூடுதலாக 20 நிமிடம் ஒதுக்கி, வாரத்தின் சிட்டையைப் படித்து, முக்கியமான மூன்று நான்கு விஷயங்களைத் தனிக் கோப்பில் ஏற்றுங்கள். ஆண்டு மதிப்பீட்டுக் கூட்டத்துக்கு முந்தைய இரவு என்ன செய்தோம் என்று யோசித்து உட்கார்ந்திருக்க வேண்டியிராது.

பின்சேர்க்கை

இதைப் பின்பற்றத் தொடங்கிய சிலர் எழுப்பிய இரண்டு கேள்விகள், நான் முன்பு சொல்லத் தவறியவற்றைக் காட்டின.

தருமபுரியிலிருந்து வீட்டில் இருந்தே பணியாற்றும் ஒருவர், படி 3ஐப் பின்பற்றும்போது ஒட்டிய வரியில் டேட்டாபேஸ் கடவுச்சொல்லும் சேர்ந்து வந்துவிட்டதாகச் சொன்னார். இதை நான் முதலிலேயே எச்சரித்திருக்க வேண்டும். கடவுச்சொல், ஏபிஐ சாவி (ஒரு மென்பொருள் மற்றொன்றை அணுகப் பயன்படும் ரகசியக் குறியீடு), வாடிக்கையாளரின் பெயர், தொலைபேசி எண் ஆகிய எதுவும் சிட்டையில் இருக்கக் கூடாது. அவை உள்ள இடத்தில் 'மறைக்கப்பட்டது' என்று எழுதுங்கள். அலுவலகச் சிட்டை அலுவலகக் கணினியிலேயே இருக்கட்டும். சொந்த மின்னஞ்சலுக்கோ வாட்ஸ்அப்புக்கோ அனுப்பாதீர்கள். கடவுச்சொல் ஏற்கெனவே பதிவாகிவிட்டிருந்தால், கோப்பிலிருந்து நீக்குவதோடு நிறுத்தாமல், பொறுப்பாளரிடம் சொல்லிக் கடவுச்சொல்லையே மாற்றச் செய்யுங்கள்.

மற்றொருவர், பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தப்பட்ட நாளில் மேசைக் கணினி சட்டென அணைந்து அரை நாள் குறிப்பு போய்விட்டது என்றார். விஎஸ் கோடில் ஃபைல் மெனுவுக்குள் ஆட்டோ சேவ் என்ற தேர்வு உள்ளது. அதை ஒரு முறை இயக்கிவிட்டால் போதும். நோட்பேட் பயன்படுத்துபவர்கள் ஒவ்வொரு குறிப்பு முடிந்ததும் கன்ட்ரோல், எஸ் அழுத்துவதைக் கைப்பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.