சாப்பாட்டு அறைக்கு அலுமாரி வாங்கப் போகிறீர்களா? முதலில் தரையைப் பாருங்கள்

வெள்ளவத்தை மாடி வீட்டுக்கு நாங்கள் முதன்முதலாக வாங்கிய சைட்போர்ட், அதாவது சாப்பாட்டு அறை அலுமாரி, ஒன்றரை வருடம்தான் தாங்கியது. தினமும் தரையை ஈரத்துணியால் துடைப்போம். அலுமாரிக்கோ காலே இல்லை. அடிப்பலகை தண்ணீரில் ஊறிப் பொருமி, கதவு மூடாமல் போய்விட்டது. அந்தக் காசு போன கவலை எனக்கு இன்னும் இருக்கிறது. நீங்கள் அப்படி ஏமாறக் கூடாது.

1. சாமான்களை வெளியே எடுங்கள்

உள்ளே வைக்கப் போகும் எல்லாவற்றையும் மேசையில் பரப்புங்கள். பெரிய சாப்பாட்டுத் தட்டு ஏறக்குறைய பத்தரை அங்குலம். ஆகவே அலுமாரியின் உள் ஆழம் 13, 14 அங்குலம் இருந்தால் போதும். விருந்துக்கு எடுக்கும் பெரிய சட்டி, இடியப்பத் தட்டு எல்லாம் இருந்தால் அலுமாரிக்குள் இருக்கும் பலகைத் தட்டுகளின் இடைவெளியை மாற்றக்கூடியதாகப் பாருங்கள்.

2. அளவெடுங்கள்

மேசை விளிம்புக்கும் அலுமாரிக்கும் நடுவில் 3 அடி விடுங்கள். கதிரையை இழுத்து ஆள் எழும்ப அது வேண்டும். இடம் குறைவென்றால் பக்கவாட்டில் தள்ளித் திறக்கும் இழுவைக் கதவு நல்லது. பழைய பத்திரிகைத் தாளை அலுமாரியின் அளவுக்குத் தரையில் விரித்து இரண்டு நாள் நடந்து பாருங்கள், உண்மை தெரிந்துவிடும்.

லிப்டின் வாசல், உயரம், படிக்கட்டுத் திருப்பம் இவற்றையும் அளந்து எழுதிக்கொண்டு போங்கள்.

3. மரம்

இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். கொழும்பின் காற்றில் எப்போதும் ஈரம் இருக்கும், கடற்கரைப் பக்கம் உப்பும் சேரும். மரத்தூளை அழுத்திச் செய்த மெலமைன் பலகை விலை குறைவு, பார்க்கவும் அழகு. ஆனால் ஓரம் வழியே தண்ணீர் உள்ளே போனால் ஊதிவிடும், பிறகு பழைய நிலைக்கு வராது. காசு இருந்தால் தேக்கு, இல்லாவிட்டால் பலா. இரண்டின் வைரப்பகுதியையும், அதாவது நடுவில் உள்ள கெட்டி மரத்தையும், கறையான் எளிதில் அரிக்காது. பலா புதிதில் மஞ்சளாக இருந்து காலம் போகப் போகக் கருஞ்சிவப்புக்கு மாறும். எனக்கு அந்த நிறம் மிகவும் பிடிக்கும். மகோகனியும் நல்ல மரம்தான். தச்சு வேலைக்குப் பேர்போன மொறட்டுவைக்கு ஒருநாள் போய்வந்தால் நாலைந்து இடங்களில் விலை கேட்டு ஒப்பிடலாம்.

மெலமைன்தான் கட்டுப்படியாகும் என்றால் பரவாயில்லை. நான்கு அங்குல உயரமாவது உள்ள கால், நான்கு பக்கமும் ஒட்டிய ஓரப்பட்டி, இந்த இரண்டையும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

4. கடையில் சோதனை

லாச்சியை முழுவதும் வெளியே இழுத்து அதன் அடிப்பலகையைக் கையால் அழுத்துங்கள். வளைந்தால் கரண்டிப் பாரத்துக்கு இறங்கிவிடும். அப்புறம் பின்பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். சுவர் ஈரம் முதலில் பிடிப்பது அங்கேதான், பலரும் பார்க்காததும் அதைத்தான். கதவுப் பிணைச்சல் துருப்பிடிக்காத எவர்சில்வரா என்று கேளுங்கள்.

5. வீட்டில் வைக்கும்போது

சுவரிலிருந்து ஓர் அங்குலம் தள்ளி வையுங்கள், காற்றுப் போகட்டும். கொண்டுவந்தவர்கள் போவதற்கு முன்பே எல்லா லாச்சியையும் கதவையும் திறந்து மூடுங்கள். ஒரு பக்கம் இறுகினால் பெரும்பாலும் தரை சமனில்லை என்று அர்த்தம். தாழ்ந்த காலுக்குக் கீழே மெல்லிய ரப்பர் துண்டொன்று வைத்தால் சரியாகிவிடும்.